மூச்சைப் பார்த்திருத்தல்

நம் சரீரத்தில் இரவும் பகலும் ஓயாமல் நடக்கும் காரியங்களுள் பெரும்பாலானவை நம்மைக் கேட்டு நடப்பனவல்ல. ஹிருதயம் துடிப்பதும், இரைப்பை உணவைச் செரிப்பதும், வெளிச்சத்துக்குத் தக்கபடி கண்ணின் பாவை விரிந்து சுருங்குவதும் நம் உத்தரவை எதிர்பார்ப்பதில்லை. நிறுத்து என்றால் அவை நிற்கப் போவதுமில்லை. கையை உயர்த்துவது, நடப்பது, பேசுவது முதலியவையோ நம் இச்சையைச் சார்ந்தவை. நாம் உறங்கியதும் அவையும் அடங்கிவிடுகின்றன. இவ்விரு வகுப்பிலும் ஒருங்கே பூரண உரிமையோடு இடம் பெற்றிருப்பதற்குச் சுவாசத்தைப் போல் வேறொன்றைக் காட்டுவது கடினம். முகுளம் எனப்படும் அடிமூளைப் பகுதியிலுள்ள ஒரு சிறிய நரம்பணுக் கூட்டம் தாளம் தவறாமல் கட்டளையிட, நாம் அறியாமலே நிமிஷத்துக்கு ஏறக்குறைய 12 முதல் 18 தடவை மூச்சு வந்து போகிறது. ஆனால் பாட்டுப் பாடவோ, குளத்தில் மூழ்கவோ, வைத்தியர் மார்பில் குழலை வைத்து இழுத்து விடச் சொன்னால் இழுத்து விடவோ வேண்டுமானால், பெருமூளையின் மேற்புறணி வேறொரு பாதை வழியாக அதே தசைகளை ஏவிக்கொள்கிறது. யோக சாஸ்திரமும் பௌத்த நூல்களும் நம் சித்தர் மரபும் வேறு எத்தனையோ விஷயங்களில் ஒன்றோடொன்று பிணங்கியபோதிலும், மனத்தைப் பழக்கும் வித்தையில் மூச்சுக்கு முதன்மையான ஸ்தானம் கொடுத்ததற்கு, தானாகவும் நடந்து சொன்னபடியும் நடக்கும் இந்த இரட்டை ஸ்வபாவமே காரணமாக இருக்கலாம் என்று நான் எண்ணுகிறேன்.

அப்பியாசத்துக்கு வேண்டிய சாமக்கிரியைகள் மிகக் குறைவு. ஒரு பாய் அல்லது நாற்காலி, பத்து நிமிஷ அவகாசம், அந்த அவகாசம் முடிந்ததை அறிவிக்க ஒரு கடிகாரம், இவ்வளவுதான். இதற்கென்று தனி மெத்தையும் ஊதுவத்தியும் கைப்பேசிச் செயலியும் விற்கிறவர்கள் பெருகியிருக்கிறார்கள் என்றாலும், இவற்றில் எதையும் வாங்காமலே இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலாக ஜனங்கள் தியானம் செய்து வந்திருக்கிறார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது பணப்பைக்கு நல்லது. பத்மாசனம் போட வராதவருக்குத் தியானம் கைகூடாது என்பதும் வீண் அச்சமே. முதுகெலும்பு நிமிர்ந்திருக்க வேண்டியது அவசியம். ஏனெனில் கூனி உட்கார்ந்தால் மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே திரைபோல் அமைந்துள்ள உதரவிதானம் தடையின்றி இறங்கி ஏற இடமிருப்பதில்லை. படுத்துக்கொண்டு செய்தால் பத்து நிமிஷத்தில் தியானம் நித்திரையில் முடியும். தரையில் சப்பணமிட்டு அமர்கிறவர்களுக்குச் சில நிமிஷங்களில் கால் மரத்துப்போனால், ரத்த ஓட்டமே நின்றுவிட்டதென்று திகிலடைகிறார்கள். முழங்காலின் வெளிப்புறத்தில் தோலுக்கு மிக அருகே ஓடும் நரம்பு அழுந்தி, அதன் வழியே போகும் செய்தி தடைப்படுவதே பெரும்பாலும் அதற்குக் காரணம். காலை நீட்டி ஒரு நிமிஷம் இருந்துவிட்டுத் திரும்ப மடக்கலாம். மறுநாள் முதல் நாற்காலியில் அமர்ந்தாலும் குற்றமில்லை. வேளையைப் பொறுத்தமட்டில், வயிறார உண்டபின் உட்கார்ந்தால் தூக்கம் வரும் என்ற ஒரே எச்சரிக்கை போதுமானது. காபிக்கு முன்பா பின்பா என்று கேட்கிறவர்களுக்கு, காபியின் நினைவே பத்து நிமிஷத்தையும் விழுங்கிவிடும் என்று தோன்றினால் குடித்துவிட்டே உட்காரலாம் என்பது என் அபிப்பிராயம்.

உட்கார்ந்தாயிற்று, கண்ணையும் மூடியாயிற்று. இனி, மூச்சு எங்கே தெரிகிறதோ அங்கே கவனத்தை வைக்க வேண்டும். சிலருக்கு அது வயிற்றின் ஏற்றத்தாழ்வில் தெளிவாகத் தெரியும். பலருக்கு நாசியின் விளிம்பில், மேலுதட்டுக்குச் சற்று மேலே தெரியும். உள்ளே போகும் காற்றில் ஒரு குளிர்ச்சியும், வெளியே வரும் காற்றில் ஈரங்கலந்த ஓர் இளஞ்சூடும் இருப்பதை, ஆயுள் முழுவதும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தும் அன்றுதான் முதன்முதலாக உணர்ந்தேன் என்று சொல்கிறவர்கள் உண்டு. இன்னும் கூர்ந்து கவனித்தால், இரண்டு நாசிகளும் சமமாக வேலை செய்யவில்லை என்பதும் புலப்படும். ஒன்றில் காற்று தாராளமாகப் போய் வரும். மற்றொன்று பாதி அடைத்தாற்போலிருக்கும். சில மணி நேரங்கழித்துப் பார்த்தால் முறை மாறியிருக்கும். ஜலதோஷத்தின் அறிகுறி என்று இதை நினைக்க வேண்டியதில்லை. நாசியின் உட்சுவரில் திருகிய இலைகள் போன்ற மடிப்புகள் இருக்கின்றன; அவற்றின் சதையில் ரத்தம் நிறைந்தால் அவை உப்பி வழியைக் குறுக்குகின்றன, வடிந்தால் சுருங்கி வழி விடுகின்றன; தன்னியக்க நரம்பு மண்டலத்தின் ஆணைப்படி இடமும் வலமும் இவ்வாறு முறை வைத்து மாறிக்கொள்கின்றன. ஜெர்மன் வைத்தியரான ரிச்சர்ட் கைசர் 1895ஆம் ஆண்டில் இதை விவரித்து எழுதியபோது மேலை வைத்தியத்துக்கு அது புதிய செய்தியாக இருந்தது. இடகலை, பிங்கலை என்று பெயரிட்டு எந்த வேளையில் எந்த நாசியில் சரம் ஓடுகிறதென்று பார்த்து வந்த நம் மரபினருக்கோ அது பழைய செய்தி. அந்தச் சரத்தைக்கொண்டு பிரயாணத்துக்கும் விவாகத்துக்கும் நல்ல வேளை குறித்ததை விஞ்ஞானம் ஏற்றுக்கொள்ளாது. ஆயினும், கருவி எதுவுமின்றி வெறும் அவதானத்தாலேயே உடலின் ஓர் உண்மையை அவர்கள் கண்டுபிடித்தார்கள் என்பதை மறுப்பதற்கில்லை.

இங்கே ஆரம்ப ஸாதகரை எதிர்கொள்ளும் முதல் இடையூற்றைச் சொல்ல வேண்டும். மூச்சைக் கவனிக்கத் தொடங்கிய மாத்திரத்தில் அது தன் இயல்பை இழந்துவிடுகிறது. இதுவரை யாரும் கேட்காமல் வந்துபோன மூச்சு, இப்போது நாம் இழுத்தால்தான் வரும் போலத் தோன்றுகிறது. சிலருக்கு மூச்சு முட்டுவதுபோல் இருக்கிறது. சிலர் சிரத்தை மிகுதியால் ஆழ ஆழ இழுத்துவிட்டு, தலை கிறுகிறுத்து, விரல் நுனிகளில் சுருசுருவென்று ஊர்வதைக் கண்டு, ஏதோ குண்டலினி எழும்பிவிட்டதாக எண்ணுகிறார்கள். தேவைக்கு மேல் வேகமாகவும் ஆழமாகவும் மூச்சு விட்டதால் ரத்தத்திலுள்ள கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறிவிட்டது. அதனால் மூளைக்குச் செல்லும் ரத்தக் குழாய்கள் சற்றே சுருங்கின. நடந்தது இதுதான், இயல்பான மூச்சுக்குத் திரும்பினால் சில நிமிஷங்களில் சரியாகிவிடும். இரவில் சந்தையிலிருந்து திரும்பும் கட்டை வண்டியில் வண்டிக்காரன் தூங்கிவிட்டாலும் வழி தெரிந்த மாடுகள் வீடு கொண்டு சேர்த்துவிடும். அவன் விழித்துக் கயிற்றை இழுத்தாலோ அவை அவன் சொற்படிதான் நடக்கும். விழித்திருந்தும் கயிற்றை இழுக்காமல் உட்கார்ந்து வருவதுதான் அவனுக்குக் கஷ்டம். அதுபோலவே, முகுளம் தன் பாட்டுக்கு நடத்தும் சுவாசத்தை, மேற்புறணி விழித்திருந்து பார்க்க வேண்டுமேயன்றிக் கையில் எடுத்துக்கொள்ளக் கூடாது. இது ஒரே நாளில் வராது. வராதவரையில், வெளிமூச்சை மட்டும் சற்று நிதானமாக விட்டு, அதன் முடிவில் உள்மூச்சு தானே வரட்டும் என்று காத்திருப்பது நல்ல உபாயம்.

வெளிமூச்சுக்கு இந்த விசேஷம் ஏன் என்றால், ஹிருதயத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தம் இருக்கிறது. மணிக்கட்டில் விரலை வைத்து நாடியைக் கவனித்தபடி மெல்ல மூச்சு விட்டுப் பார்த்தால், மூச்சு உள்ளே போகும்போது துடிப்புகள் சற்று நெருங்கி வருவதையும், வெளியே போகும்போது விலகி விலகி வருவதையும், குறிப்பாக இளம் வயதினர், தெளிவாக உணரலாம். ஜெர்மன் உடலியலாரான கார்ல் லுட்விக் 1847ஆம் ஆண்டிலேயே இதைக் கருவியில் பதிவு செய்தார். முகுளத்திலிருந்து இறங்கி ஹிருதயம், நுரையீரல், இரைப்பை என்று பல உறுப்புகளுக்கும் கிளை விடும் வேகஸ் நரம்பே ஹிருதயத்துக்குக் கடிவாளம். உள்மூச்சின்போது அதன் பிடி தளர்கிறது, வெளிமூச்சின்போது இறுகுகிறது. அந்தக் கடிவாளம் எவ்வாறு இழுக்கிறது என்பதைக் கண்டறிந்த வரலாறு ரசமானது. ஆஸ்திரியாவில் கிராஸ் நகரத்துப் பேராசிரியர் ஓட்டோ லோவி ஓரிரவு கனவில் ஒரு பரிசோதனையைக் கண்டு விழித்துக் காகிதத்தில் கிறுக்கிவிட்டுத் தூங்கியதாகவும், விடிந்தபின் தம் எழுத்து தமக்கே புரியாமல் பகல் முழுவதும் தவித்ததாகவும், மறுநாள் இரவு அதே கனவு மீண்டும் வந்ததும் இம்முறை காகிதத்தை நம்பாமல் நேரே ஆய்வுக்கூடத்துக்கு விரைந்ததாகவும் அவரே சொல்லியிருக்கிறார். இரண்டு தவளைகளின் இதயங்களை எடுத்து, ஒன்றின் வேகஸ் நரம்பைத் தூண்டித் துடிப்பை மந்தமாக்கி, அதைச் சூழ்ந்திருந்த திரவத்தை மற்றதன்மீது விட்டபோது, நரம்பேயில்லாத அந்த இரண்டாவது இதயமும் மந்தமாயிற்று. நரம்பு தன் செய்தியை ஒரு ரசாயனப் பொருளின் மூலமாகக் கொடுக்கிறது என்பது இவ்வாறு 1921ஆம் ஆண்டில் நிரூபணமாயிற்று. 1936ஆம் ஆண்டின் நோபெல் பரிசு ஹென்றி டேலோடு சேர்த்து அவருக்குக் கிடைத்தது. அசிட்டைல்கோலின் என்ற அந்தப் பொருளே நாம் நிதானமாக மூச்சை விடும்போதும் நம் ஹிருதயத்தின்மேல் சொட்டிக்கொண்டிருக்கிறது.

மூச்சோடு எண்ணிக்கையையும் சேர்த்துக்கொள்வது தொடக்கத்தில் மிகவும் உதவும். ஒவ்வொரு வெளிமூச்சுக்கும் ஓர் எண்ணாக ஒன்றிலிருந்து பத்து வரை மனத்துக்குள் எண்ணி, மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். காஞ்சிபுரத்தில் தங்கியிருந்தவரும், ஐந்தாம் நூற்றாண்டில் அநுராதபுரத்து மகாவிகாரையில் அமர்ந்து விசுத்தி மார்க்கத்தை இயற்றியவருமான புத்தகோஷர், எண்ணிக்கையை ஐந்துக்குள்ளும் நிறுத்தக் கூடாது, பத்துக்கு மேலும் போக விடக் கூடாது என்று விதித்திருக்கிறார். ஐந்துக்குக் குறைந்தால் மனம் இட நெருக்கடியில் கலங்குமென்றும், பத்தைத் தாண்டினால் அது மூச்சை விட்டுவிட்டு எண்ணையே பற்றிக்கொள்ளுமென்றும் அவர் காரணம் காட்டுவதைப் பார்க்கும்போது, எத்தனை சிஷ்யர்கள் இடறியதைக் கண்டபின் இந்த விதி பிறந்திருக்கும் என்று வியக்கத் தோன்றுகிறது. அவர் சொன்னது இன்றும் அப்படியே நடக்கிறது. திடீரென்று விழித்துப் பார்த்தால் எண்ணிக்கை 23இல் இருக்கும். அல்லது எண்ணிக்கையே காணாமற்போய், நேற்று அலுவலகத்தில் ஒருவர் சொன்ன வார்த்தைக்கு இன்று காலையில் மிகச் சாதுரியமான பதில் ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருப்போம்.

இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் அப்பியாசத்தைக் கைவிடுகிறார்கள். என் மனம் நிற்கவில்லை, எனக்கு இது ஒத்து வராது என்று தீர்மானித்துவிடுகிறார்கள். நிற்காததுதான் மூளையின் ஸ்வபாவம் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். உடல் எடையில் ஏறக்குறைய 2 சதவிகிதமே உள்ள மூளை, உடல் செலவழிக்கும் சக்தியில் 20 சதவிகிதத்தை எடுத்துக்கொள்கிறது. ஒரு கடினமான கணக்கைப் போடும்போதும் சும்மா இருக்கும்போதும் இந்தச் செலவில் பெரிய வேறுபாடில்லை. சும்மா இருக்கும்போது அப்படி என்னதான் வேலை நடக்கிறதென்று ஆராய்ந்த வாஷிங்டன் பல்கலைக்கழகத்து மார்க்கஸ் ரைக்கிளும் அவருடைய சகாக்களும், வெளிவேலை வந்ததும் அடங்கி, வேலை ஓய்ந்ததும் சுறுசுறுப்படையும் சில பகுதிகள் மூளையின் நடுக்கோட்டை ஒட்டி இருப்பதை 2001ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார்கள். போனதை நினைப்பதும், வருவதைக் கற்பிப்பதும், பிறர் நம்மைப் பற்றி என்ன எண்ணுகிறார்கள் என்று ஊகிப்பதும் அப்பகுதிகளோடு தொடர்புள்ளவை. ஹார்வர்டில் கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் என்ற இருவர் 2010ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியொன்றில், 2,250 பேரைக் கைப்பேசி மூலம் நினையாத வேளைகளில் விசாரித்தபோது, 47 சதவிகித வேளைகளில் அவர்கள் மனம் கையிலிருந்த காரியத்தில் இல்லை என்று தெரிந்தது. கண்ணை மூடி உட்கார்ந்தவரின் மனம் ஓடுவதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது!

ஓட்டத்தைவிட, அது ஓடிவிட்டதென்று தெரியவரும் அந்தக் கணமே நம் சிரத்தைக்கு உரியது. எமரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வெண்டி ஹசன்காம்ப் குழுவினர், தியானம் பழகிய 14 பேரைக் காந்த அதிர்வுப் படக் கருவிக்குள் படுக்க வைத்து, மூச்சைக் கவனிக்கும்படியும், மனம் வேறெங்கோ போயிருப்பதை அறிந்த கணத்தில் கையிலுள்ள பொத்தானை அழுத்திவிட்டு மூச்சுக்குத் திரும்பும்படியும் சொன்னார்கள். 2012ஆம் ஆண்டில் வெளியான அவர்கள் முடிவுப்படி, பொத்தான் அழுத்தப்படுவதற்கு முந்திய சில விநாடிகளில் ரைக்கிள் கண்ட பகுதிகள் விழிப்படைந்திருந்தன. அறிந்த கணத்தில், முக்கியமானது எது என்று எடுத்துக்கொடுக்கும் வேறொரு வலையமைப்பு துள்ளி எழுந்தது. அதன்பின், கவனத்தைத் திருப்பி நிலைநிறுத்தும் நெற்றிப்புற மூளைப் பகுதி வேலையைத் தொடங்கியது. மனம் ஓடாமலே இருந்திருந்தால் பின்னிரண்டுக்கும் அங்கே வேலையில்லை. பத்து நிமிஷத்தில் முப்பது முறை ஓடி முப்பது முறை திரும்பியவர், முப்பது முறை தோற்றவர் என்று எண்ணுவது கணக்கைத் தலைகீழாகப் போடுவதாகும். திரும்பும்போது தன்னைத் தானே ஏசிக்கொள்வதும் வேண்டாத வேலை. ஏசுவதும் ஓர் எண்ணந்தானே, அதன் பின்னாலும் மனம் போய்விடும். எண்ணிக்கையை விட்ட இடம் எது என்று தேடாமல், ஒன்று என்று மறுபடியும் தொடங்கிவிட வேண்டியதுதான்.

சத்தத்தைப் பற்றிப் பலர் முறையிடுகிறார்கள். அடுக்களையில் குக்கர் கூவுகிறது, எதிர்வீட்டில் தொலைக்காட்சி அலறுகிறது, இதற்கு நடுவில் தியானமா என்று கேட்கிறார்கள். இவ்விஷயத்தில் இரண்டு பழைய பரிசோதனைகளை ஒப்பிட்டுப் பார்ப்பது சுவையானது. கண்ணை மூடி அமைதியாக இருப்பவரின் மண்டையோட்டின் மேலிருந்து விநாடிக்குச் சுமார் 10 வீதம் ஆல்பா என்ற மின்னலைகள் கிடைக்கும் என்பதையும், கண் திறந்ததும் அவை அடங்கிவிடும் என்பதையும் யேனா நகரத்து ஹான்ஸ் பெர்கர் 1929ஆம் ஆண்டு முதல் வெளியிட்டு வந்தார். டில்லியிலுள்ள அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் பி. கே. ஆனந்தும் அவர் சகாக்களும் 1961ஆம் ஆண்டில் யோகிகளைச் சோதித்தபோது, சமாதியில் இருந்த சமயத்தில் ஒளியோ ஓசையோ சூடோ அவர்களுடைய ஆல்பா அலைகளைக் கலைக்கவில்லை. இருவர் 4 டிகிரிக் குளிர்நீரில் முக்கால் மணி நேரத்துக்கும் மேலாகக் கையை அமிழ்த்தியிருந்தும் அலைகள் தொடர்ந்தன. ஜப்பானில் கஸாமட்ஸுவும் ஹிராயும் 1966ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவோ இதற்கு நேர்மாறு. சாதாரண மனிதர் காதில் ‘டக்’கென்ற ஒலியைத் திரும்பத் திரும்பக் கேட்கச் செய்தால் மூன்று நான்கு தடவைக்குப் பின் மூளை அதைப் பொருட்படுத்துவதில்லை, ஜென் ஆசான்களின் மூளையோ ஒவ்வொரு முறையும் அப்போதுதான் முதலில் கேட்டதுபோல் இரண்டொரு விநாடி விழித்து அடங்கியது. ஒரு சாரார் ஒலியை வாசலிலேயே நிறுத்தினார்கள், மறு சாரார் ஒவ்வொன்றையும் வரவேற்று அனுப்பினார்கள் என்று இதை அழகாகச் சொல்லிவிடலாம். நானும் அப்படிச் சொல்ல ஆசைப்படுவேன். ஆனால் பெக்கர், ஷப்பீரோ என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 1981ஆம் ஆண்டில் யோகம், ஜென் முதலிய மார்க்கங்களைப் பழகியவர்களையும் பழகாதவர்களையும் சேர்த்துச் சோதித்தபோது இந்த வேற்றுமைகள் தென்படவில்லை. ஆகவே ஆரம்ப ஸாதகர் தம் மூளை எந்த வகை என்று ஆராயாமல், குக்கர் கூவினால் கூவியது என்று அறிந்துகொண்டு மூச்சுக்குத் திரும்பினால் போதும்.

பலனைப் பற்றியும் இதே நிதானம் வேண்டும். எட்டு வாரம் தியானம் செய்தால் மூளையின் சாம்பல் பகுதி தடிக்கும் என்று வண்ணப் படங்களோடு பத்திரிகைகள் எழுதின. சிறு கூட்டங்களில் செய்த சில ஆராய்ச்சிகள் அதற்கு ஆதாரமாயிருந்தன. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தார் 218 பேரைக்கொண்டு அதே எட்டு வாரப் பயிற்சியைக் கண்டிப்பான முறையில் பரிசோதித்து 2022ஆம் ஆண்டில் வெளியிட்டபோது, மூளையின் அமைப்பில் அத்தகைய மாறுதல் எதுவும் காணப்படவில்லை. 2014ஆம் ஆண்டில் 47 பரிசோதனைகளை, அதாவது 3,515 பேரின் அனுபவத்தை, ஒருங்கே வைத்துச் சீர்தூக்கிய வைத்தியர்கள், கவலை, மனச்சோர்வு, உடல்வலி ஆகிய மூன்றிலும் ஓரளவு நிவாரணம் உண்டென்றும், தேகப் பயிற்சி, மருந்து முதலிய பிற சிகிச்சைகளைக் காட்டிலும் தியானம் மேலானது என்பதற்குச் சான்றில்லை என்றும் தீர்ப்புக் கூறினார்கள். ஓரளவு என்ற அந்தச் சொல்லை நான் குறைவாக மதிப்பதில்லை. காசு செலவில்லாமல் வீட்டிலேயே கிடைக்கும் ஓரளவு நிவாரணம் பெரிய விஷயந்தான். அதே சமயம், கண்ணை மூடி உட்கார்ந்ததும் அமைதிக்குப் பதிலாகப் பழைய துயரமோ இனம் தெரியாத பயமோ பொங்கி வருகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கண்ணைத் திறந்து எழுந்துவிடலாம். பிடிவாதமாக உட்கார்ந்திருப்பதில் வீரம் எதுவுமில்லை. கடுமையான மனநோய்க்குச் சிகிச்சை பெறுகிறவர்கள் வைத்தியரைக் கேட்காமல் இதில் இறங்கலாகாது. தியானத்தை நம்பி மருந்தை நிறுத்துவது ஆபத்து.

எஞ்சியிருப்பது தினசரி என்ற கடினமான சொல். லண்டனில் பிலிப்பா லாலி என்ற ஆராய்ச்சியாளர் 96 பேரை, தினந்தோறும் ஒரே சந்தர்ப்பத்தில் ஒரு சிறு காரியத்தைச் செய்து வரும்படி கேட்டு, அது எத்தனை நாளில் தானாக நடக்கும் பழக்கமாகிறதென்று கணக்கெடுத்தார். 18 நாளில் பழகியவர்களும் உண்டு; கணக்குப்படி 254 நாள் பிடித்திருக்கக்கூடியவர்களும் உண்டு; நடுத்தரம் 66 நாள். எனவே ஒரு மண்டலத்தில் கைவராவிட்டால் மனம் உடைய வேண்டியதில்லை. இடையில் ஒரு நாள் தவறினாலும் பழக்கம் படிவதில் குறிப்பிடத்தக்க பாதகம் நேரவில்லை என்பதும் அந்த ஆராய்ச்சியில் தெரியவந்தது. விரதம் முறிந்துவிட்டதென்று அடுத்த மாதப் பிறப்புக்காகக் காத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மணி ஆறானதும் உட்காருவேன் என்பதைவிட, பல் துலக்கியதும் உட்காருவேன், குளித்துவிட்டு வந்ததும் உட்காருவேன் என்று ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒரு காரியத்தோடு இதை முடிச்சுப் போட்டுக்கொள்வது உசிதம். ஞாயிற்றுக்கிழமை மணி ஆறு கடந்து போனாலும் பல் துலக்குவது கடந்து போகாதல்லவா? பத்து நிமிஷம் முதல் வாரத்தில் நெடும்பொழுதாகத் தோன்றினால் ஐந்தே போதும். இருபதாக நீட்டுவதைப் பற்றி, கடிகாரம் அடித்தபின்னும் எழுந்திருக்க மனமில்லாத நாட்கள் சில வந்த பிறகு யோசிக்கலாம்.